ஒற்றைக் கண்ணுக்குப் போதுமான திரை

என் பிள்ளைக்கு,

நீ கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாய். நான் சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும்போல இருக்கிறது. வாயால் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்று எழுந்து போகிறாய். தாளிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது, வைத்த இடத்திலேயே இருக்கும். உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டரை மூக்குக்கு நேரே பிடித்தபடி ஒரு பிள்ளை எந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாலும், அந்த வீட்டு அம்மாவும் இதை எடுத்துப் படித்துக்கொள்ளட்டும். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

கேட்கப்போவதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாளை மறுநாள் வேலைக்காக மோர்பிக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் புதுச்சேரிக்கு வந்து உன் வலது கண்ணைக் காட்டிவிட்டுப் போ. இடது கண்ணில் நிழல்தான் தெரிகிறது, அது இனி அவ்வளவுதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். உனக்கு மிச்சமிருப்பது இந்த ஒன்று. இதிலும் ஏதோ ஆரம்பித்திருக்கிறது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய்.

உன்னை வேலைக்குப் போகவிடாமல் தடுக்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன்னைப் பெற்றபோது நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க, உள்ளே நான் பால் கட்டிய மார்போடு எழுதினேன். கிடைத்ததைக் கைநழுவ விடக்கூடாது என்கிற பதைப்பு எனக்குத் தெரியாததல்ல. செராமிக் டிப்ளமோ முடித்த உன் வகுப்புப் பையன்களில் குஜராத்தின் மோர்பியில் இருக்கிற டைல்ஸ் கம்பெனியிலிருந்து முதலில் கடிதம் வந்தது உனக்குத்தான். அன்றைக்குக் காய்காரம்மாவிடம்கூடச் சொன்னேன். "மோருபின்னா எங்க இருக்குது, வேப்பூரு தாண்டியா?" என்று அவள் கேட்டாள். "வேப்பூரு தாண்டி இன்னும் கொஞ்ச தூரம்" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நீ இந்த வீட்டில் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சின்ன மெஷினைப் பற்றியும் நான் நியாயமாகத்தான் பேசவேண்டும். மங்கலம்பேட்டை பஷீரோடு நீ படித்தாயே, அவனுடைய அண்ணன் குவைத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்தது அது. மூடினால் டைரி அளவு, திறந்தால் முழுக் கம்ப்யூட்டர். அவர் நான்கு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுடா, என் வெரலுக்கு ஒரு தட்டுல மூணு எழுத்து வுழுது, நீயே வெச்சுக்க" என்று உன்னிடம் கொடுத்துவிட்டார். நீ அதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாய். அப்பா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இது கம்ப்யூட்டரா, வெத்தலப் பொட்டியா?" என்றார். "தொறந்து பாருங்க, சுண்ணாம்பு இருக்கும்" என்றேன் நான். நீ எங்கள் இருவரையும் பொருட்படுத்தாமல் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாய்.

ஆனால் வெற்றிலைப் பெட்டி என்று சொன்ன அதே அப்பாதான் ஆறு மாதத்தில் அது இல்லாமல் சூளை மூட்டமாட்டேன் என்றார். அப்பா சூளை பார்க்கிற செராமிக் யூனிட்டின் ஆபீஸில் இருந்த பெரிய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் களிமண் தூள் உள்ளே போய் அடைத்துக்கொண்டு செத்தன. உன்னுடையதற்குள் காத்தாடியே கிடையாது, தூள் போக வழியில்லை. சூளைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கட்டைகள் அடுக்கியிருக்கும் பலகையில், இரண்டு கட்டைகளுக்கு நடுவே அதைச் சொருகி வைப்பாய். கரண்ட் போனாலும் பவர் பேங்கில் ஓடும். சூடு ஏறுகிற கணக்கை அதில் போட்டுக்கொண்டே வந்து, "அப்பா, சூள ஓட்டைல எட்டிப் பாக்காத, இன்னும் நேரம் இருக்குது, நான் சொல்றேன்" என்பாய். நெருப்பின் நிறத்தைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போன மனிதர் அவர். அவர் கண்ணைக் காப்பாற்றத்தான் நீ அந்தக் கணக்கை எழுதினாய். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே, மண் சாமானுக்குப் பூசும் கண்ணாடிப் பூச்சுக்கு எது எவ்வளவு என்று கணக்குப் போட்டாய். எனக்கு டைஃபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து உன் பாடத்தையும் படித்தாய், என் சலைனையும் பார்த்துக்கொண்டாய். பெரிய லேப்டாப்பாக இருந்திருந்தால் அங்கே வைக்க இடம் இருந்திருக்காது. அந்த நன்றி எனக்கு இல்லாமல் இல்லை.

ஆனால் கெட்டதும் அதே சின்ன அளவிலிருந்துதான் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் நான்கு வரிதான் நிற்கிறது என்று நீ எழுத்தைப் பெரிதாக்கவே இல்லை. அதற்குப் பதிலாக முகத்தைக் கிட்டே கொண்டுபோனாய். கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வலது கண்ணுக்கு முன்னால் அதைப் பிடிப்பாய். உன்னைப்போலக் கிட்டப்பார்வை அதிகம் உள்ள கண்ணுக்கு மூக்கு நுனியில் இருப்பது பளிச்சென்று தெரியும், கல்லூரியில் நான் படம் வரைந்து மார்க் வாங்கிய பாடம் அது. "கழுத்து வலிக்கும்டா" என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தோன்றியது. இவ்வளவு பக்கத்தில் பிடித்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்க முடியாது, ஒரு கண் சும்மா இருக்கிறது, அந்தக் கண்ணுக்கு என்ன ஆனாலும் யாருக்கும் தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் நீ வந்து, "இந்தக் கண்ணுல மின்னல் மாதிரி வெட்டுதும்மா, கருப்புக் கருப்பா ஏதோ பறக்குது" என்றாய். வேறு ஊராக இருந்திருந்தால் யாராவது ஒருவர் பயந்திருப்பார்கள். நம் ஊரில் கண்ணில் எது வந்தாலும் தூசுதான். யூனிட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் சாயங்காலம் குழாயடியில் உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, கண்ணை அதில் முக்கித் திறந்து திறந்து மூடுவார்கள். நானும் அதையே செய்யச் சொன்னேன். "நல்லா முழிச்சுக் கழுவுடா, களிமண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார் அப்பா. பக்கத்து வீட்டு செல்வி அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், "எம்மவ பச்ச ஒடம்புக்காரிதானே, ரெண்டு சொட்டு தாய்ப்பால் வாங்கியாரேன், ஊத்தினா தூசு பறந்துடும்" என்றாள். நீ பின்வாசல் வழியாக ஓடினாய், தெருவே சிரித்தது. அந்த நாட்களில் உன் கண்ணுக்குள் விழித்திரை சுவரிலிருந்து பெயர்ந்துகொண்டிருந்தது. நாம் அதைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒருநாள் யூனிட்டில் இடது பக்கம் இருந்த பலகையில் நேராகப் போய் இடித்தாய். சுடாத அகல் விளக்குகள் ஒரு பலகை முழுவதும் தரையில் மாவாகக் கிடந்தன. "கண்ண எங்கடா வெச்சிருக்க" என்று அப்பா கத்தினார். நீ, "அங்க பலகை இல்லையேப்பா" என்றாய். சாப்பாடு கொண்டுவந்திருந்த நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டு உன்னிடம் வந்தேன். உன் வலது கண்ணை என் கையால் பொத்தி, எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டேன். "அப்பா தல மட்டும் தெரியுதும்மா. கீழ யாரோ கறுப்புத் துணிய இழுத்து வுட்ட மாதிரி இருக்குது" என்றாய்.

புதுச்சேரி டாக்டர் உன்னிடம் கேட்டார், "இவ்வளவு நாள் படிக்கிறப்ப ஒரு கண் மறையறது தெரியலையாப்பா?" நீ அந்த மெஷினை எடுத்துக் காட்டினாய். "நான் பாக்கறது இவ்ளோதான் சார். இதுக்கு ஒரு கண்ணு போதும்." அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதைப் பார்த்ததால் கிழியவில்லை, உங்கள் பிள்ளைக்குப் பவர் அதிகம், விழித்திரை மெலிசு என்றுதான் அவர் எனக்கு விளக்கினார். மெஷின்மேல் பழி போடவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆனால் வலது கண்ணிலும் மெலிந்த இடங்கள் இருக்கின்றன என்றார். மின்னல் வெட்டினாலோ, பூச்சி பறந்தாலோ, பக்கத்தில் திரை விழுந்தாலோ அன்றைக்கே வரவேண்டும், மறுநாள் என்று வைத்துக்கொள்ளக் கூடாது என்று உன்னைப் பார்த்தே சொன்னார். நீ தலையாட்டினாய்.

ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் அடைத்த வாயு விழித்திரையைச் சரியான இடத்தில் அழுத்தவேண்டும் என்று உன்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். இரவும் பகலும் அப்படியே. தின்பதும் குப்புற, பேசுவதும் குப்புற. தரையைப் பார்த்தபடி நீ அழுதது எனக்குத் தெரியும், கட்டிலுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்ததை நான்தான் துணியால் துடைத்தேன். அங்கேயும் அந்த மெஷின்தான் உனக்குத் துணைக்கு வந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு ஸ்டூலில் அதைத் திறந்து வைத்தோம், நீ ஒரு கையைத் தொங்கவிட்டுத் தட்டிக்கொண்டிருப்பாய். "இந்தப் பையன் குப்புறப் படுத்துக்கிட்டே ஆபீஸு நடத்தறான்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போவார். உன்னைக் கெடுத்ததையும் காப்பாற்றியதையும் ஒரே பொருளில் பார்க்கிற அவதியை யாரிடம் போய்ச் சொல்வது? அதை உடைக்கவும் கை வரவில்லை, கும்பிடவும் மனம் வரவில்லை.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். திரையை முகத்துக்கு நேரே பிடிக்காமல் இடது பக்கமாகத் தள்ளிப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறாய். நேற்றுச் சாப்பிடும்போது வலது பக்கம் வைத்திருந்த மோர் டம்ளரைப் புறங்கையால் தட்டிவிட்டாய். "ஓரத்துல வெச்சிட்ட" என்று என்மேல் எரிந்து விழுந்தாய். டம்ளர் ஓரத்தில் இல்லை. இன்று சாயங்காலம் பின்பக்கக் குழாயடியில் நீ உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து வலது கண்ணை முக்கி முக்கித் திறந்துகொண்டிருந்தாய். துணி எடுக்க வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"கண்ணுல என்னடா?"

"தூசும்மா."

"எந்தத் தூசுடா? நீ யூனிட்டு பக்கம் போயி ஒரு வாரமாவுது."

"காத்துல வராதா? இந்த ஊரே தூசுதானே."

"பாண்டிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம்டா. காலைல போனா சாயங்காலம் வந்துடலாம்."

"மோர்பில போயி காட்டிக்கறேன்."

"அங்க எந்த பாஷைல சொல்லுவ, கண்ணுல மின்னல் வெட்டுதுன்னு?"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, துணிக்குள்ளிருந்தே சொன்னாய்: "போனா வுடமாட்டாங்கம்மா. வேல போயிடும். மறுபடியும் குப்புறப் போட்டுடுவாங்க. என்னால இன்னொரு தடவ அப்பிடி படுக்க முடியாது. படுக்கமாட்டேன்." அப்போது அப்பா வந்து, "போற புள்ளைய ஏன்டி கொழப்பற, அடுத்த செக்கப்பு தேதி வரும்போது காட்டிக்கலாம்னுதானே டாக்டரு சொன்னாரு" என்றார். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். உள்ளே போய்க் கதவை அறைந்தாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா குழாயடியிலேயே நின்றார். குழாயை மூடினார், மூடிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து காலைலயும் கழுவிக்கிட்டுதான் இருந்தான். நானும் பாத்தேன்" என்றார். இந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் தூசு என்று சொல்லிக்கொண்டு உன்னை ரயில் ஏற்றிவிட இருந்தோம்.

நீ பயப்படுவது நியாயம்தான். அந்தக் கட்டிலில் கிடந்தவன் நீ, நான் இல்லை. ஆனால் ஒன்றைக் கேள். விழித்திரையில் ஓட்டை மட்டும் விழுந்திருந்தால் லேசர் போட்டு உட்கார்ந்த நிலையிலேயே முடித்துவிடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பெயர ஆரம்பித்திருந்தாலும் நடுப்பகுதி விடுபடுவதற்குள் போனால் பார்வை நிற்க வழி இருக்கிறது. நீ குப்புறப் படுப்பதற்குப் பயந்து ஒதுக்கி வைக்கிற ஒவ்வொரு நாளும் உன்னை அந்தக் கட்டிலுக்கு அருகில்தான் கொண்டுபோகிறது. எல்லாம் லேசரோடு முடிந்துவிடும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. பொய் சொல்லி உன்னைக் கூட்டிப்போகவும் எனக்கு இஷ்டமில்லை. கம்பெனிக்காரர்களிடம் நான் பேசுகிறேன். அம்மா பேசுவது வெட்கம் என்றால் பஷீரைப் பேசச் சொல், அவனுக்கு இந்தி வரும். வேலை போனாலும் போகட்டும். ரெண்டு கண்ணும் இல்லாமல் எந்த ஊர்ச் சூளைக்கு முன்னால் நிற்கப்போகிறாய் நீ?

இதை எழுதுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். உன் பெயரைச் சொன்னதும் போனை எடுத்த பெண்ணுக்குப் புரியவில்லை. "ஒத்தக் கண்ணு பையன், குப்புறப் படுத்து கம்ப்யூட்டர் தட்டுவானே" என்றேன். என் வாயாலேயே உன்னை அப்படிச் சொல்லவேண்டி வந்தது. "ஐயோ, அந்தக் கண்ணுலயா?" என்றாள் அவள். டாக்டரைக் கேட்டுவிட்டுத் திரும்ப வந்து, காலையில் முதல் ஆளாக வந்துவிடச் சொன்னாள்.

உன்னிடம் நேருக்கு நேர் நின்றால் நீ ஜெயித்துவிடுவாய். நீ அழுதால் நான் தோற்றுவிடுவேன். அதனால் நான் செய்திருப்பதைக் கேட்டுக் கோபித்துக்கொள். நீ தூங்கிய பிறகு உன் தலைமாட்டிலிருந்து அந்த மெஷினை எடுத்துவந்துவிட்டேன். என் கைப்பையில் புடவை மடிப்புக்கு நடுவே இருக்கிறது. உன் ரயில் டிக்கெட், கம்பெனிக் கடிதம், நீ போட்டுவைத்த பூச்சுக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, வேறெங்கும் நீ ஒரு பிரதி எடுத்துவைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். முதல் பஸ்ஸில் நான் புதுச்சேரிக்குப் போகிறேன். அது உனக்கு வேண்டுமென்றால் அங்கே வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள். கத்து, திட்டு, ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாரும் பார்க்கட்டும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது தூங்காமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நாளைக்குச் சூளை மூட்டப்போவதில்லை. "நீ முன்னால போ, நான் தூக்கிக்கிட்டாவது வரேன்" என்றார். வண்டியை நீ ஓட்டாதே. அவர் ஓட்டட்டும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வா. தலையைக் குனியாதே, கண்ணைக் கசக்காதே, இனிமேல் கழுவாதே.

உடனே ஆபரேஷன் செய்யவேண்டி வந்தாலும் வரலாம் என்று அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். நீ பிறந்ததிலிருந்து எந்தச் சண்டையானாலும் நான் கடைசியில் உன் கதவைத் தட்டிக் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான். நாளைக்குக் கேட்கமாட்டேன். அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை, பாலையும் செல்வி அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். ஒரு வாய்கூடச் சாப்பிடாதே. வெறும் வயிற்றோடு வந்துவிடு.

அம்மா